1918-ஆ, 1928-ஆ? பிரிட்டனில் பெண்கள் வாக்குரிமை

இரண்டு ஆண்டுகளுமே சரிதான். ஒரு நூல் 1918 என்றும் இன்னொன்று 1928 என்றும் சொல்வதாகக் கேட்டிருந்தீர்கள். முதலில் வந்தது அரைகுறை உரிமை. ஆண்களுக்குச் சமமாகக் கிடைத்தது 1928-இல்.

1918 சட்டப்படி பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். பெரும்பாலும் அவருக்கோ கணவருக்கோ சொத்துத் தகுதியும் வேண்டும். ஆண்களுக்கு 21 வயது போதும். முதல் உலகப் போரின்போது வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் உழைத்த இளம்பெண்கள் வயது வரம்பாலேயே வெளியே நின்றார்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் இது.

நூலில் ‘சம வாக்குரிமை’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 1928.

அப்புறம், வாக்கு கிடைத்ததும் வேலையும் கிடைத்தது என்று எழுதிவிடாதீர்கள். திருமணமானால் அரசு அலுவலகப் பணியை விட வேண்டும் என்ற விதி 1946 வரை இருந்தது.