வாசகர் கேள்வி பதில்: பனிச்சறுக்கு முடிந்த சாயங்காலம்

கேள்வி: என் மகன் கம்பெனி வேலையாக ஆஸ்திரியா போயிருக்கிறான். பனிச்சறுக்கு போன இடத்திலிருந்து ஒரு வீடியோ அனுப்பினான். இன்னும் இருட்டக்கூட இல்லை, அதற்குள் ஒரு கூட்டம் கனமான பூட்ஸோடு பெஞ்சு மேல் ஏறி ஆடுகிறது, கையில் ஆளுக்கொரு குவளை. கெட்ட சகவாசத்தில் மாட்டிக்கொண்டானோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. - தண்டையார்பேட்டை வாசகி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, அது அந்த ஊர் வழக்கம். ஆப்ரே ஸ்கீ என்பார்கள், சறுக்கி முடித்த பிறகு என்று அர்த்தம். குளிர்காலத்தில் மலையில் சீக்கிரம் இருட்டிவிடுவதால் ஆட்களை மேலே ஏற்றும் லிஃப்டுகளை நாலு மணி வாக்கில் நிறுத்திவிடுவார்கள். காலையிலிருந்து சறுக்கியதில் தொடை கெஞ்சும், ஆனால் மனசு அடங்காது, விழுந்தது, எழுந்தது, யாரோ மேல் மோதப் பார்த்தது எல்லாவற்றையும் யாரிடமாவது கொட்டியாக வேண்டும். வியாசர்பாடியில் மேட்ச் முடிந்த பசங்க வீட்டுக்குப் போகாமல் டீக்கடை வாசலில் கோல் கதை பேசுகிறார்களே, அதே தவிப்புதான். பல இடங்களில் கடையே சரிவில்தான் இருக்கிறது, அதனால் பலகையை வெளியே பனியில் குத்திவைத்துவிட்டு பூட்ஸோடு அப்படியே உள்ளே போய்விடுகிறார்கள்.

குவளையில் க்ளூவைன் இருந்திருக்கலாம், அதாவது சிவப்பு ஒயினில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சு போட்டுச் சூடாக்கியது. ஹாட் சாக்லேட்டாகவும் இருக்கலாம். சாங்ட் ஆன்டன், இஷ்கிள் மாதிரி ஊர்கள் ஆட்டம் பாட்டத்துக்கே பேர்போனவை. மற்றபடி குழந்தை குட்டியோடு வருகிறவர்கள் சானா என்கிற சூடான அறையில் உட்கார்ந்து உடம்பு வலியைப் போக்கிக்கொண்டு, உருக்கிய சீஸை உருளைக்கிழங்கு மேல் வழித்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு சீக்கிரமே தூங்கப் போய்விடுவார்கள். எனக்கு இந்த இரண்டாவது வகைதான் பிடிக்கும்.

மகனிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள், அந்தக் கடையிலிருந்து கீழே எப்படி வந்தான் என்று. குடித்துவிட்டு மங்கிய வெளிச்சத்தில் சறுக்கி இறங்குவதுதான் இதில் உண்மையான ஆபத்து. கேபிள் கார், டாக்ஸி என்று சொன்னால் நிம்மதியாக இருங்கள். அப்புறம், காய்ச்சல் சளி இருந்தால் அந்த நெரிசலுக்குள் போக வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 2020 மார்ச்சில் இஷ்கிள் மதுக்கடைகளில் கொரோனா தொற்றியவர்கள் ஊர் திரும்பி, அது ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பரவியது.

கேள்வி: ஆபீஸில் எல்லோரும் ஜனவரியில் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போகிறோம், பனிச்சறுக்குக்கு. நான் குடிப்பதில்லை. சாயங்காலம் ஆனால் தனியாக ரூமில் உட்கார வேண்டியதுதானா? - ராயபுரம் வாசகி

பதில்: கட்டாயம் இல்லை சகோதரி. குல்மார்க்கில் ஆல்ப்ஸ் மாதிரி கூத்து கிடையாது, அங்கே சாயங்காலம் என்றாலே புகாரி அடுப்பைச் சுற்றித்தான். குங்குமப்பூ, ஏலக்காய், பாதாம் போட்ட கஹ்வா டீ வாங்கிக்கொண்டு நடுவில் போய் உட்காருங்கள், அன்றைக்கு யார் எத்தனை முறை விழுந்தார்கள் என்ற பேச்சைத் தொடங்கிவிடுங்கள், கூட்டம் தானாக உங்களைச் சுற்றி வந்துவிடும். இளஞ்சிவப்பாக உப்புக் கரிக்கும் நூன் சாய் என்ற டீயும் கிடைக்கும், முதல் வாய்க்கு முகம் சுளித்தாலும் விடாமல் குடித்துப் பாருங்கள். ஊரே சுமார் 2,650 மீட்டர் உயரம், கொண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 3,950 மீட்டர் வரை போகிறது. கடல் மட்டத்தில் இருந்து போகிற நமக்கு முதல் நாள் தலைவலி, மூச்சிரைப்பு வரலாம். அன்றைக்குக் குடிக்காமல் இருப்பது, குடிக்கிற உங்கள் நண்பர்களுக்கும் நல்லது, இதை அவர்களிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு பெக் போட்டால் குளிர் தெரியாது என்கிறார்களே, நிஜமா? - காசிமேடு வாசகர்

பதில்: தெரியாது என்பது நிஜம், குறையும் என்பது பொய். மது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது, சூடான ரத்தம் மேலே வருவதால் கதகதப்பாக இருக்கும். அந்தச் சூடு அப்படியே வெளியே போய், உள்ளுக்குள் உடம்பு இன்னும் குளிர்ந்துவிடும். சறுக்கி முடித்ததும் முதலில் ஈர சாக்ஸ், வியர்வை ஏறிய பனியனை மாற்றுங்கள், அப்புறம் சூடாக ஒரு சூப் குடியுங்கள்.