கட்டைவிரலும் குச்சியும்

அன்புள்ள ஐயா,

அலுவலகக் கூட்டத்தில் பேச்சோடு பேச்சாக ‘ரூல் ஆஃப் தம்ப்’ (நேர்ப்பொருளில் ‘கட்டைவிரல் விதி’) என்று சொன்னேன். கட்டைவிரலை விடத் தடிக்காத குச்சியால் மனைவியை அடிக்கலாம் என்று இங்கிலாந்தில் சட்டம் இருந்ததாம், அதிலிருந்து வந்ததாம், இனி சொல்லாதீர்கள் என்றார் உடன் வேலை பார்க்கும் பெண். உண்மையா?

வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

அந்தச் சொற்றொடர் அங்கிருந்து வரவில்லை. கைப்பழக்கத்தில், குத்துமதிப்பாகச் செய்வது என்ற பொருளில் 17-ஆம் நூற்றாண்டிலேயே அது புழங்கியது. 1692-ல் வாள்வீச்சு பற்றி எழுதிய வில்லியம் ஹோப், முறையாகக் கற்காமல் வாள் வீசுகிறவனை இப்படித்தான் சொல்கிறார்.

குச்சியின் கதை வேறு. அப்படி அடிப்பது சட்டப்படி சரியே என்று பிரான்சிஸ் புல்லர் என்ற நீதிபதி சொன்னதாக 1782-ல் லண்டனில் பேச்சு. அவர் அப்படித் தீர்ப்பளித்ததற்குச் சான்று கிடையாது. ஆனாலும் ஜேம்ஸ் கில்ரே அவரைக் கேலிச்சித்திரமாக வரைந்துவிட்டார்: நீதிபதி கட்டுக்கட்டாகக் குச்சிகளைச் சுமந்து கூவி விற்கிறார், பின்னால் ஒருவன் மனைவியை அடிக்கிறான்.

சரி, வெறும் வதந்திதானே என்று விட்டுவிட முடியாது. 1868-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ரோட்ஸ் என்பவன் மனைவியைக் குச்சியால் மூன்று அடி அடித்தான். குச்சி விரல் தடிமன், ஆனால் கட்டைவிரல் அளவுக்கு இல்லை என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். கீழ் நீதிமன்றம் அவனை விட்டுவிட்டது. மேல் நீதிமன்றம் கட்டைவிரல் கணக்கை ஏற்கவில்லை. ஆனால் பெரிய காயம் இல்லாதபோது குடும்ப விஷயத்தில் தலையிட மாட்டோம் என்று அதுவும் அவனை விட்டுவிட்டது. எனக்கு இதுதான் அதிகக் கொடுமையாகப் படுகிறது. குச்சியை அளந்தவர்களாவது ஒரு எல்லை வைத்தார்கள். இவர்கள் கதவையே சாத்திவிட்டார்கள். மனைவியை அடிக்கும் உரிமை கணவனுக்கு இல்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது 1874-ல்தான்.

சொல்லையும் குச்சியையும் ஒன்றாக முடிச்சுப்போட்டது 1970களில், பெண்கள் மீதான வன்முறையை எதிர்த்து அமெரிக்காவில் எழுந்த எழுத்துகளில். அங்கிருந்துதான் உங்கள் தோழி வரை வந்திருக்கிறது.

நீங்கள் அதைத் தாராளமாகச் சொல்லலாம். அவரிடம் ‘அது கட்டுக்கதை’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ரோட்ஸ் வழக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருடைய கோபத்துக்கு நியாயம் அங்கே இருக்கிறது.