கேலிக் கால்பந்து வீரர்களின் சுயசரிதை படிக்கலாமா?

டப்ளினில் புது வேலை, ஆபீஸ் முழுக்க அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் (Gaelic) கால்பந்துப் பேச்சு, ஓய்வுபெற்ற வீரர்களின் சுயசரிதை படித்தால் ஆட்டம் பிடிபடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆட்டத்துக்காக என்றால் வேண்டாம், நாலு போட்டி பார்த்தாலே போதும்.

ஆனால் உங்கள் சக ஊழியர்கள் ஏன் இப்படி உருகுகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் கட்டாயம் படியுங்கள். இந்த வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் 80,000 பேர் முன்னால் இறுதிப் போட்டி ஆடியவர் அடுத்த வாரம் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார். நல்ல புத்தகங்களின் உயிரே இந்த இழுபறிதான்.

முதலில் ஓஷீன் மெக்கான்வில் எழுதிய ‘தி கேம்ப்ளர்’. 2002 அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் பெனால்டியைக் கோட்டைவிட்டு, இரண்டாம் பாதியில் கோல் அடித்தவர். அவருடைய ஆர்மா மாவட்ட அணிக்கு அதுதான் முதல் அகில அயர்லாந்துக் கோப்பை. புத்தகமோ சூதாட்டத்துக்கு அடிமையாகி அவர் சீரழிந்த கதை. வெற்றியும் அழிவும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் இருந்ததை ஒளிக்காமல் சொல்கிறார். அப்புறம் மீத் மாவட்ட அணியின் லியாம் ஹேய்ஸ் 1992-இல் எழுதிய ‘அவுட் ஆஃப் அவர் ஸ்கின்ஸ்’. பத்திரிகையாளர் என்பதால் நடை தனி. சகோதரரை இழந்த துயரமும் வரும், கொஞ்சம் கனமாக இருக்கும்.

போட்டி போட்டியாக ஸ்கோர் ஒப்பிப்பவற்றை, அதிலும் கிறிஸ்துமஸ் விற்பனைக்கென்றே அவசரமாக வருபவற்றை, தயங்காமல் பாதியில் மூடிவிடுங்கள். காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம், அங்கே பொது நூலகத்தில் சேர்வது இலவசம்.