டிராவல் சாஃப்ட்பால் அணிகள்: பெருகுவதும் உடைவதும் ஏன்? கேள்வி பதில்

அமெரிக்காவில் பெண்பிள்ளைகளை டிராவல் சாஃப்ட்பாலுக்கு அனுப்பும் நம் பெற்றோர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சாஃப்ட்பால் பேஸ்பால் போன்ற ஆட்டம். ஊருக்குள்ளேயே பொழுதுபோக்காக ஆடுவது ரெக் லீக், ஊர் ஊராகப் போய் டோர்னமென்ட் ஆடுவது டிராவல். டெக்சாஸில் 12 வயது, 14 வயதுக்குட்பட்ட அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தும், கணக்கு வழக்கு பார்த்தும் வருபவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, என் பொண்ணு ஊர் ரெக் லீக்ல ஆடுறா. கூட ஆடின பாதிப் பேர் டிராவல் டீமுக்குப் போயாச்சு. எங்க பார்த்தாலும் புது டீம். ஏன் திடீர்னு இவ்வளவு?

ஆரம்பிப்பது சுலபம் என்பதுதான் முதல் காரணம். ஒரு கோச், பதினொரு பிள்ளைகள், இன்ஷூரன்ஸ், யூனிஃபார்ம் இருந்தால் அணி தயார். பெயர் பெற்ற ஒரு கிளப்பின் பெயரையும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஒரே கிளப் பெயரில் ஒரே வயதுப் பிரிவில் நான்கைந்து அணிகள் இருப்பதும், அவற்றின் கோச்சுகள் ஒருவரை ஒருவர் பார்த்தேயிராததும் சகஜம்.

ஆட்டத்தின் மதிப்பும் ஏறியிருக்கிறது. ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் கல்லூரிப் பெண்கள் உலகத் தொடரை வீட்டில் எல்லாரும் டிவியில் பார்க்கிறார்கள். 2024இல் நைஜாரி கனடி என்ற பிட்சர் (பந்து வீசுபவர்) பத்து லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் பெற்று டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2028 ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்பவும் வருகிறது. இதெல்லாம் சேர்ந்து பெற்றோர் மனதில் ஆசையை வளர்க்கிறது. நன்றாக ஆடும் நாலு பேர் போனதும் ரெக் லீக் சோர்ந்துவிடுகிறது. உடனே அடுத்த நாலு பேரும் கிளம்புகிறார்கள். இதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: ரெண்டு வருஷத்துல மூணாவது டீம். ஒவ்வொண்ணும் கலைஞ்சு போச்சு. எங்க பொண்ணுகிட்டதான் ஏதாவது குறையா?

இல்லை. உங்கள் பெண்ணிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் தங்களால்தான் கலைந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அணி உடைவதற்கு வயதுக் கணக்கே ஒரு காரணம். 10 வயதுக்குட்பட்டோருக்கு 11 அங்குலச் சுற்றளவுப் பந்து, பந்து வீசும் தூரம் 35 அடி. 12க்குப் போனால் 12 அங்குலப் பந்து, 40 அடி. 14க்கு 43 அடி. ஒரே அணியில் ஒரு வயது வித்தியாசத்தில் பிள்ளைகள் இருப்பார்கள். பெரியவர்கள் மேலே போகிற வருடம் சின்னவர்கள் கீழேயே நிற்பார்கள். யாரும் சண்டை போடாமலே அணி இரண்டாகிவிடும்.

அடுத்தது பிட்சர். பெரும்பாலான சிறு அணிகளில் நம்பிப் பந்தைக் கொடுக்கக்கூடிய பிட்சர் ஒருத்தி, மிஞ்சினால் இரண்டு பேர். அவள் வேறு அணிக்குப் போனால், மற்ற பத்துப் பேர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஆட்டம் நடக்காது. சரியாக வீசத் தெரியாமல் எதிரணிக்கு முதல் பேஸை இலவசமாகக் கொடுத்தே இன்னிங்ஸ் முடியாமல் இழுக்கும். ஞாயிறு மதியம் மூன்றாவது மேட்ச் தோற்ற பிறகு பார்க்கிங்கில் கவனியுங்கள்: மடக்கு நாற்காலியைக் காரில் வைத்தபடி இரண்டு அப்பாக்கள் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்த ஆகஸ்ட் ட்ரைஅவுட்டில் (அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வில்) புது அணி ஒன்று முளைப்பது அங்கேதான்.

மூன்றாவது, கோச்சின் சொந்த மகள். எல்லாரும் ஆசைப்படும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் அவள் நிரந்தரமாக நின்றால் மற்ற வீட்டார் பொறுமை ஒரு சீசன்தான் தாங்கும். அவள் ஆட்டத்தை விட்டால் கோச்சும் விட்டுவிடுவார். நல்ல அப்பா கோச்சுகளும் நிறைய உண்டு. ஆனாலும் சேரும் முன் கோச்சின் மகள் எந்த வயதுப் பிரிவில் இருக்கிறாள் என்று கேளுங்கள், அணியின் ஆயுள் ஓரளவு தெரிந்துவிடும்.

கேள்வி: பணம் முழுசா கட்டியாச்சு, பாதி சீசன்ல கோச் கிளப் மாறிட்டார். பணம் திரும்ப வருமா?

கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். பலவற்றில் "திருப்பித் தரப்படாது" என்றுதான் இருக்கும். ஆனால் அது நீங்கள் விலகினாலா, அணியே கலைந்தாலும்கூடவா என்று பாருங்கள். கலைந்தால் மீதியைப் பிரித்துத் தரவேண்டும் என்று ஒரு வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். இனிமேல் மாதத் தவணையாகக் கட்டுங்கள். வங்கிக் கணக்கு கோச்சின் தனிப்பெயரில் இல்லாமல், இரண்டு பெற்றோர் பார்க்கும்படி இருக்கட்டும். செலவுக் கணக்கு மாதாமாதம் வரட்டும்.

கேள்வி: டீம் பேர்ல 'கோல்டு', 'நேஷனல்'னு இருக்கே, அது தரத்தைக் காட்டுதா?

காட்டாது. கடந்த சீசனில் யாரோடு ஆடினார்கள், அதே பிள்ளைகளில் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு 11 வயசு. இப்பவே பெரிய டீம்ல சேரலைன்னா காலேஜ் ஸ்காலர்ஷிப் போயிடும்னு கோச் சொல்றார்.

இது பயமுறுத்தல். முன்பு ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமே எங்கள் அணிக்கே வருகிறேன் என்று கல்லூரிகள் வாய்வார்த்தை வாங்கியது உண்மை. 2018இல் அதற்கு, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ முற்றுப்புள்ளி வைத்தது. பதினோராம் வகுப்பு செப்டம்பர் 1க்கு முன், முதல் டிவிஷன் (மேல்மட்டப் பிரிவு) கல்லூரிக் கோச் உங்கள் பிள்ளையிடம் அணியில் சேர்வது பற்றிப் பேசக்கூடாது. உதவித்தொகையும் நினைப்பது போல இல்லை. அண்மைக்காலம் வரை முதல் டிவிஷனில் ஒரு கல்லூரி அணிக்கே மொத்தம் 12 ஸ்காலர்ஷிப்தான், அதை இருபது பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். 11 வயதில் அவளுக்கு வேண்டியது நிறைய பேட்டிங், நிறைய களத்து நேரம். பெரிய அணியின் பெஞ்சில் அது கிடைக்காது.

கேள்வி: என் பொண்ணுதான் பிட்சர். சனி, ஞாயிறு எல்லா மேட்சும் அவதான் போடுறா. கீழ்க்கைதானே, ஒண்ணும் ஆகாதுங்கிறாங்க.

தவறு. கையைக் காற்றாடிபோல் சுழற்றிக் கீழிருந்து வீசும் விண்ட்மில் வீச்சிலும் தோளும் பைசெப்ஸ் தசைநாரும் அடிபடும். பல டோர்னமென்ட்களில் பந்து எண்ணிக்கைக்கு வரம்பே கிடையாது, அதனால் எண்ண வேண்டியது நீங்கள். வலி என்று ஒருமுறை சொன்னால் அன்றைக்கு அவளை நிறுத்துங்கள். இன்னொரு பிட்சரைத் தயார் செய்யாத அணியில் அடுத்த வருடம் சேர்க்காதீர்கள்.

கேள்வி: ட்ரைஅவுட் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே பதில் கேட்கிறாங்க. என்ன செய்ய?

இரண்டு நாள் கேளுங்கள். அதற்குள் அந்த அணியிலிருந்து போன வருடம் விலகிய ஒரு வீட்டாரிடம் பேசுங்கள், இருக்கிறவர்களைவிட அவர்கள் சொல்வது பயன்படும். இடம் போய்விடும் என்று மிரட்டினால் போகட்டும். ஆகஸ்ட் முழுக்க ட்ரைஅவுட் நடக்கும், பிள்ளை தேவைப்படும் அணிகள் இங்கே ஏராளம்.