கலைச்சொல் பட்டியலைத் திருத்தும்போது அகரவரிசையைக் கலையுங்கள்

கேள்வி: எங்கள் நீரியல் கையேட்டின் இறுதியிலுள்ள கலைச்சொல் பட்டியலைப் பலர் தொகுத்தனர். சில விளக்கங்கள் ஒரு வரியிலும் சில அரைப்பக்க அளவிலும் உள்ளன. ஒரே பொருளுக்கு இரு சொற்களும் வருகின்றன. எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

பதில்: மொழிநடையைச் சீராக்குவதற்கு முன், அகரவரிசையைக் கலைத்து, பொருள் தொடர்புடைய பதிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். அகரவரிசை தேடிவரும் வாசகருக்கான ஒழுங்கு. திருத்துபவரிடமிருந்து அது முரண்களை மறைத்துவிடுகிறது. ‘ஆவியுயிர்ப்பு’ தொடக்கத்திலும் ‘நீராவிப்போக்கு’ நடுவிலும் இருக்கும்வரை, தாவரங்கள் நீரை ஆவியாக வெளியேற்றும் ஒரே நிகழ்வைத்தான் இரண்டும் குறிக்கின்றன என்பது கண்ணில் படாது. அருகருகே வந்தபின் ஒன்றை முதன்மைச் சொல்லாகக் கொண்டு அதன்கீழ் மட்டும் விளக்கம் தாருங்கள். மற்றதற்குக் ‘காண்க’ என்ற குறிப்பு போதும். எதைத் தேர்வது என்பதைத் தொகுத்தவரின் விருப்பத்தைவிட, வாசகர் எந்தச் சொல்லைப் படித்துப் பழகியவர் என்பதே முடிவுசெய்ய வேண்டும்.

உழைப்பின் பெரும்பகுதி விளக்கத்தின் அமைப்பில்தான் செலவாகும். நல்ல விளக்கம், பொருள் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதையும், அவ்வினத்தின் பிறவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதையும் சொல்லும். ‘ஆவியாதல்: நீர் ஆவியாகும்போது நடப்பது’ என்பது இரண்டையும் செய்யவில்லை. ‘நீர்மம் தன் கொதிநிலைக்குக் குறைந்த வெப்பநிலையில் மேற்பரப்பிலிருந்து வளிமமாக மாறும் நிகழ்வு’ என்று எழுதினால், கொதித்தலிலிருந்து அது எங்கே விலகுகிறது என்பதும் விளங்கும். கொதித்தலும் பட்டியலில் இருந்தால் அதையும் இதே வார்ப்பில் எழுதுங்கள்.

இரண்டு பதிவுகள் ஒன்றையொன்று சுட்டிச் சுழல்வது இதைவிட நுட்பமான குறை. நீர்கொள் படுகையை ‘நிலத்தடி நீர் உள்ள அடுக்கு’ என்றும், நிலத்தடி நீரை ‘நீர்கொள் படுகையில் உள்ள நீர்’ என்றும் எழுதினால் இரண்டும் அறியாதவருக்கு எதுவும் கிடைக்காது. பின்னதை ‘நிலப்பரப்பின் கீழே மண், பாறை ஆகியவற்றின் துளைகளையும் பிளவுகளையும் நிறைத்திருக்கும் நீர்’ என்று மாற்றினால் சுழற்சி அறுபடும்.

கலைச்சொல் பணிக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 704 கூறும் பதிலீட்டுச் சோதனையை ஒவ்வொரு பதிவுக்கும் செய்யுங்கள்: கையேட்டின் ஒரு வாக்கியத்தில் சொல்லை எடுத்துவிட்டு விளக்கத்தை வைத்தால் பொருள் மாறக்கூடாது. செயலைக் குறிக்கும் சொல்லுக்குக் கருவியின் விளக்கம் தந்திருந்தால் இச்சோதனையில் உடனே வெளிப்படும். எடுத்துக்காட்டு, அளவீட்டு முறை, அறிவுரை போன்றவற்றை முதல் வாக்கியத்திலிருந்து பிரித்துத் தனிக் குறிப்பாக்குங்கள். அரைப்பக்க விளக்கங்கள் பெரும்பாலும் இதிலேயே சுருங்கிவிடும்.

ஒருமை, பன்மை, கிரந்த எழுத்து, நிறுத்தற்குறி ஆகியவற்றுக்கு ஒரு பக்க நடைக்குறிப்பு எழுதி அதன்படியே நடந்தால் போதும்.

இறுதியில் மீண்டும் அகரவரிசைப்படுத்தும்போது, கணினி தரும் வரிசையை அப்படியே ஏற்காதீர்கள். கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் ஒருங்குறியின் (யூனிகோடு) குறியெண் வரிசையில் ‘ன’ எழுத்து ‘ந’வை அடுத்தும், ‘ற’ எழுத்து ‘ர’வை அடுத்தும், ‘ள’, ‘ழ’ இரண்டும் ‘வ’வுக்கு முன்பும் வருகின்றன, மெய்யெழுத்தும் உயிர்மெய்க்குப் பின்னே தள்ளப்படுகிறது. வரிசைப்படுத்தும் அமைப்பில் தமிழைத் தேர்ந்தெடுத்த பிறகும் இந்த இடங்களைக் கண்ணால் சரிபாருங்கள். அதன்பின், முதன்மைச் சொல்லாகத் தேர்வு பெறாத ஒவ்வொரு சொல்லையும் கையேடு முழுவதும் தேடி, தேர்ந்த சொல்லை அங்கே இடுங்கள்.