இடைவேளையில் போய் நில்லுங்கள்: பள்ளி விளையாட்டுக்காகப் போட்டி நடத்துவோருக்குக் கேள்வி பதில்

பள்ளிகளில் பிள்ளைகள் விளையாட வேண்டும் என்பதற்காக நிதி திரட்டும் போட்டிகளை 14 வருடங்களாக நடத்தி வருகிறேன். பெரும்பாலும் கால்பந்து, இடையிடையே கைப்பந்து, டென்னிஸ் பந்து கிரிக்கெட். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் ஆறு நண்பர்கள். படித்த பள்ளிக்கு விளையாட்டுச் சாமான் வாங்கித் தர ஒரு கால்பந்துப் போட்டி நடத்த ஆசை. முதலில் மைதானம் பிடிப்பதா, ஸ்பான்சர் பிடிப்பதா?

இரண்டும் அப்புறம், தம்பி. முதலில் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு, மூன்று நாள் இடைவேளை நேரத்தில் போய் ஓரமாக நில்லுங்கள். யார் ஓடுகிறார்கள், யார் சுவரோரம் நிற்கிறார்கள், பந்து யார் கையில் இருக்கிறது, எந்த மூலை காலியாகக் கிடக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு பணம் வேண்டும், எதற்கு வேண்டும் என்பது அந்த நோட்டில்தான் இருக்கிறது.

நான் இதைச் செய்யாமல் தொடங்கினேன். முதல் போட்டியில் வந்த பணத்தில் ஒரு பள்ளிக்கு 10 கால்பந்தும் 4 கைப்பந்தும் வாங்கிக் கொடுத்தோம். மேடை, கைதட்டல், போட்டோ எல்லாம் நடந்தது. ஐந்து மாதம் கழித்துப் போனபோது பந்துகள் இரும்பு பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. திறந்து காட்டினார்கள். எட்டில் காற்றே இல்லை. பம்பு இருந்தது, ஆனால் அதன் ஊசி உடைந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. வெளியே பிள்ளைகள் காகிதத்தை உருண்டையாகச் சுருட்டி, மேலே ரப்பர் பேண்டைச் சுற்றி உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காகிதப் பந்து இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பூட்டி வைத்த ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பந்து தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அதனால் இப்போதெல்லாம் பொருளோடு ஒரு கடிதமும் கொடுக்கிறோம்: ‘இவை தேய்ந்துபோவதற்காகவே தரப்படுகின்றன. கிழிந்தாலும் தொலைந்தாலும் யாரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.’ இந்த இரண்டு வரி வந்த பிறகு பீரோ திறந்தது.

கேள்வி: ஸ்பான்சர் கேட்கப் போனால், ‘விளையாட்டுக்கு எதற்குப் பணம், படிப்புக்குக் கேளுங்கள், தருகிறோம்’ என்கிறார்கள். என்ன சொல்வது?

விளையாட்டு பிள்ளைகளுக்கு யாரோ போடும் சலுகை அல்ல, உரிமை. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்றே சொல்கிறது. 5 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். 2019-இல் அந்த நிறுவனத்தினர் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் 85, ஆண் பிள்ளைகளில் 78.

படிப்பு கெடும் என்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013-இல் வெளியிட்ட அறிக்கை, இடைவேளையைத் தண்டனைக்காகவோ பாடத்துக்காகவோ பறிக்கக் கூடாது என்கிறது. இடைவேளை முடிந்து வரும் பிள்ளை பாடத்தை இன்னும் நன்றாகக் கவனிக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று.

ஆனால் என் அனுபவத்தில் எண்களைவிட வேலை செய்வது உங்கள் நோட்டுதான். ‘இந்தப் பள்ளியில் 300 பிள்ளைகளுக்கு இரண்டே பந்து, நாங்களே நின்று எண்ணினோம்’ என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்வி: 16 அணிகள் பதிவு செய்திருக்கின்றன. இருப்பது ஒரே நாள். நாக் அவுட் வைத்தால் சீக்கிரம் முடியும்தானே?

முடியும். 16 அணிகளுக்கு 15 ஆட்டம்தான். எத்தனை அணி வந்தாலும் நாக் அவுட்டில் அதைவிட ஒன்று குறைவாகத்தான் ஆட்டங்கள் வரும். ஆனால் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்டிவிடும். கட்டணம் கட்டி, பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, விடியற்காலையில் கிளம்பி வந்தவர்கள் அவர்கள். அடுத்த வருடம் கூப்பிட்டால் வருவார்களா? நிதி திரட்டும் போட்டியில் தோற்ற அணியும் சந்தோஷமாக வீட்டுக்குப் போக வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரி.

நான்கு நான்காகப் பிரித்து லீக் வையுங்கள். ஒரு பிரிவில் 6 ஆட்டம், நான்கு பிரிவுக்கு 24. பிரிவில் முதலில் வருபவர்கள் மட்டும் அரையிறுதிக்கு. இறுதியும் சேர்த்து மொத்தம் 27 ஆட்டம். ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் கிடைக்கும். அணிக்கு ஏழு பேர், பாதிக்கு 8 நிமிடம், இடையில் 2, அடுத்த அணிகள் இறங்க 4 என்று வைத்தால் ஒரு ஆட்டத்துக்கு 22 நிமிடம். மைதானத்தை இரண்டாகப் பிரித்தால் லீக் முழுவதும் 264 நிமிடத்தில் முடிந்துவிடும். காலை 7 மணிக்கு விசில் ஊதினால் பதினொன்றரைக்குள் லீக் முடியும். வெயில் தணிந்த பிறகு அரையிறுதியும் இறுதியும்.

புள்ளிகள் சமமானால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி எல்லா கேப்டனிடமும் கையெழுத்து வாங்குங்கள். கோல் வித்தியாசம், அடித்த கோல், நேருக்கு நேர் முடிவு, கடைசியில் டாஸ். நான் பார்த்த பெரிய சண்டைகள் எல்லாம் இந்தத் தாள் இல்லாத இடத்தில் நடந்தவைதான்.

கேள்வி: எங்களுக்கு 11 அணிதான், நேரமும் அரை நாள்தான். நாக் அவுட் தவிர வழி இல்லை. டிரா எப்படிப் போடுவது?

2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் வரிசையில் 11-க்கு அடுத்து வருவது 16. அதில் 11 போக 5 அணிகளுக்கு முதல் சுற்றில் ‘பை’, அதாவது ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போய்விடுவார்கள். மீதி 6 அணிகள் மூன்று ஆட்டம் ஆடினால், ஜெயித்த மூன்றும் இந்த ஐந்தும் சேர்ந்து எட்டாகிவிடும், காலிறுதி தயார். யாருக்கு பை என்பதை எல்லோர் முன்னாலும் சீட்டுப் போட்டு எடுங்கள். தோற்கும் அணிகளுக்கு இன்னொரு மூலையில் ஐந்து நிமிடத் தோழமை ஆட்டமாவது வைத்துவிடுங்கள்.

கேள்வி: போன வருடம் நல்ல கூட்டம், நல்ல வசூல். கணக்குப் பார்த்தால் பள்ளிக்குக் கொடுக்கக் கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை. எங்கே தவறினோம்?

பெரும்பாலும் டி-சர்ட், கோப்பை, மேடை, ஒலிபெருக்கி. இந்த நான்கையும் எடுத்துப் பாருங்கள். அணிக்கு ஒரு நிறம் தெரிந்தால் போதும். மேலே மாட்டிக் கழற்றும் நிற உடுப்பு இரண்டு செட் வாங்கினால் பல வருடம் ஓடும். கோப்பை ஒன்றே ஒன்று, அது சுழல்கோப்பை. பெயர் மட்டும் அடியில் பொறித்தால் ஆயிற்று.

நான் வைத்திருக்கும் விதி இது. நுழைவுக் கட்டணமும் ஸ்பான்சரும் சேர்ந்து செலவை மூடிவிட வேண்டும். அதற்கு மேல் உண்டியலில், ஸ்டாலில், நன்கொடையில் வருவது எல்லாம் தொடாமல் பள்ளிக்கு. அப்போதுதான் உண்டியலில் போடுகிறவரைப் பார்த்து ‘இது முழுக்கப் பிள்ளைகளுக்கு’ என்று கூச்சமில்லாமல் சொல்ல முடியும். ஸ்பான்சரிடம் பணமாகத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. தண்ணீர், பந்து, அச்சு வேலை, பந்தல் எதுவானாலும் பொருளாகவே வாங்குங்கள்.

பணத்தை எண்ணும்போது எப்போதும் இருவர் இருக்க வேண்டும். வரிசை எண் போட்ட ரசீது வேண்டும். தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. ஒரு வாரத்துக்குள் ஒரு பக்கக் கணக்கு எல்லா அணிக்கும் போய்விட வேண்டும். குலுக்கல் சீட்டு விற்பதைப் பல நாடுகளில் லாட்டரியாகக் கருதுவார்கள், அனுமதி தேவைப்படலாம். நன்கொடைக்கான வரிச்சலுகையும் இடத்துக்கு இடம் மாறும். நோட்டீஸ் அடிக்கும் முன்பே ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கையில் ஓரளவு பணம் இருக்கிறது. ஏறி விளையாடும் பெரிய சட்டம் ஒன்று வாங்கி நிறுத்த நினைக்கிறோம். பள்ளியும் அதைத்தான் கேட்கிறது. வாங்கலாமா?

சட்டத்தின் விலையை மட்டும் பார்த்தால், ‘வேண்டாம்’ என்பேன். சட்டத்துக்குக் கீழே இருக்கும் தரைக்கும் பணம் வைத்திருந்தால் யோசிக்கலாம்.

உயரத்திலிருந்து பிள்ளை விழும்போது தலைக்கு என்ன ஆகும் என்பதைத் தரைதான் முடிவு செய்கிறது. சிமெண்டும் தாரும் கூடவே கூடாது. வெறும் மண்ணும் புல்லும் நாளாக ஆகக் கெட்டித்துவிடும். மரச்சீவல் போன்றவை அழுந்திய பிறகும் 9 அங்குல ஆழம் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் பொது விளையாட்டிடப் பாதுகாப்புக் கையேடு. அழுந்தும் என்பதால் முதலில் 12 அங்குலம் கொட்ட வேண்டும். மணல் என்றால் 9 அங்குலம் போட்டாலும் 4 அடி உயரத்துக்குத்தான் தாங்கும். சட்டத்தைச் சுற்றி 6 அடி வெற்றிடமும் வேண்டும். அதோடு முடிவதில்லை. பிள்ளைகள் குதிக்கும் இடத்தில்தான் மணல் முதலில் விலகும், அதாவது அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் குறையும். வாரம் ஒரு முறை யாராவது வாரிச் சேர்க்க வேண்டும். அந்த ஆள் யார் என்று பெயர் தெரிந்த பிறகு சட்டத்துக்கு ஆர்டர் கொடுங்கள்.

அதே பணத்தில் வேறு என்ன செய்யலாம்? கட்டாந்தரையில் வண்ணக் கோடு வரையுங்கள். பாண்டிக் கட்டம், வட்டம், வளைந்து போகும் பாதை, சுவரில் குறிபார்த்து எறிய ஒரு கட்டம். தரையில் கோடு வந்த பிறகு பிள்ளைகள் முன்பைவிட அதிகம் ஓடுவதாக இங்கிலாந்துப் பள்ளிகளில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அப்புறம் கயிறு. இருவர் சுழற்றி நடுவில் நான்கு பேர் குதிக்க 5, 6 மீட்டர் நீளக் கயிறு வேண்டும். ஒரு கயிறு ஒரே நேரத்தில் ஆறு பேரை ஆட வைக்கிறது, வரிசையில் நிற்பவர்கள் பாட்டும் பாடுகிறார்கள்.

கழித்துப்போட்ட பொருள்களையும் மறக்காதீர்கள். பலகை, டயர், பிளாஸ்டிக் கூடை, துணி, குழாய்த் துண்டு. கோபன்ஹேகன் நகரின் எம்ட்ரூப் பகுதியில் 1943-இலேயே இப்படிப்பட்ட சாமான்களைக் கொடுத்து ஒரு விளையாட்டிடம் திறந்தார்கள். நகர்த்தவும் மாற்றவும் முடிகிற பொருள்கள்தான் பிள்ளையின் கற்பனையைக் கிளறும் என்று 1971-இல் கலைஞர் சைமன் நிக்கல்சன் எழுதினார். நான் பார்த்த ஒரு பள்ளியில் அதே நான்கு டயர் திங்கட்கிழமை கப்பலாக இருந்தது, செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி. டயரின் அடியில் துளை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மழைநீர் தேங்கிக் கொசு வரும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பெரிய பையன்கள் பந்தோடு நடுமைதானத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகளும் சின்னவர்களும் ஓரத்தில் நிற்கிறார்கள். இன்னும் பந்து வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா?

ஆகாது, இன்னும் மோசமாகலாம். வாரத்தில் இரண்டு நாளாவது பந்து இல்லாத நாளாக வையுங்கள், அல்லது மைதானத்தை நேரம் வைத்துப் பிரியுங்கள். என்ன வேண்டும் என்று ஓரத்தில் நிற்கும் பெண் பிள்ளைகளிடமே கேளுங்கள். ‘எங்களுக்கும் கால்பந்துதான் வேண்டும், ஆனால் எங்களுக்கென்று ஒரு நேரம் வேண்டும்’ என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னாள். அதுவரை நான் அவர்களுக்குக் கயிறு வாங்குவதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: என் மகன் சக்கர நாற்காலியில் போகிறான். விளையாட்டு விழா என்றால் அவனை ஸ்கோர் எழுத உட்கார வைக்கிறார்கள். நிதி திரட்டுபவர்கள் இதை யோசிக்கிறீர்களா?

அம்மா, பலர் யோசிப்பதில்லை. நானும் பல வருடம் யோசிக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை (2006) 30ஆவது பிரிவில், பள்ளியில் நடக்கும் விளையாட்டும் சேர்த்து, மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக இவர்களும் பங்கேற்க வழி செய்ய வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது.

முதலில் வாசல்படியிலிருந்து மைதானம் வரை நாற்காலி போகிறதா என்று நடந்து பாருங்கள். பெரும்பாலும் தடையாக இருப்பது ஒரே ஒரு படியும் பத்தடி மணலும்தான். கெட்டியான பாதை ஒன்று போட்டால் அவன் நண்பர்களோடு உள்ளே வந்துவிடுவான். அப்புறம் விதியைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். உட்கார்ந்தபடி ஆடும் கைப்பந்து, குறிபார்த்து உருட்டும் பந்து, நாற்காலியும் சேர்ந்த ஓட்டப் பிடி என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். உங்கள் மகன் எந்த ஆட்டம் ஆட ஆசைப்படுகிறான் என்பதைப் போட்டி நடத்துபவர்களிடம் அவனே சொல்லட்டும்.

கேள்வி: முதலுதவிப் பெட்டி இருக்கிறது. அது போதுமா?

போதாது. தலையில் அடிபட்டு ஒருவர் தடுமாறினாலோ, கேட்டதற்கு மாற்றிப் பதில் சொன்னாலோ அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. அவர் கேப்டனாக இருந்தாலும் சரி, இறுதி ஆட்டமாக இருந்தாலும் சரி. வெயிலில் ஆடியவர் உடல் கொதித்துக் குழப்பமாகப் பேசினால், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அது வரும்வரை காத்திராமல் உடனே குளிர்ந்த நீரால் குளிர்விக்கத் தொடங்குங்கள். இடி கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்தி உயிர்காக்கத் தெரிந்த ஒருவராவது மைதானத்தில் இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் நுழையும் வழியில் வண்டிகளை நிறுத்த விடாதீர்கள்.

கேள்வி: காசுப் பரிசு வைத்தால் நிறைய அணி வருமே?

வரும், அதோடு வாக்குவாதமும் வரும். நான் வைப்பதில்லை.

கேள்வி: நன்கொடையாளருக்குக் காட்டப் பிள்ளைகள் போட்டோ வேண்டும். எடுக்கலாமா?

பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் கூடாது. பிள்ளைக்கும் விருப்பம் இருக்க வேண்டும். பொருளைக் கையில் கொடுத்து வரிசையில் நிறுத்தி எடுப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். தரையில் தேய்ந்துபோன வண்ணக் கோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். எவ்வளவு ஆடியிருக்கிறார்கள் என்று அதிலேயே தெரியும்.

கேள்வி: பொருளைக் கொடுத்த பிறகு எங்கள் வேலை முடிந்துவிட்டதா?

பாதிதான். வசூலில் ஒரு பங்கைக் கொடுக்காமல் எடுத்து வையுங்கள். நான் 100-க்கு 20 வைக்கிறேன். கயிறு அறுந்துபோகும், வண்ணம் மங்கும், பந்து முள்ளில் படும். ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து மூன்று முறை அதே இடைவேளையில் போய் நில்லுங்கள். பழைய நோட்டை எடுத்துப் போங்கள். முன்பு சுவரோரம் நின்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். போகும்போது பையில் பம்பு ஊசி நான்கு போட்டுக்கொள்ளுங்கள். ஊசியை ஈரப்படுத்திவிட்டுப் பந்துக்குள் செலுத்த வேண்டும், இல்லாவிட்டால் வால்வு கிழிந்துவிடும். இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்குச் சொல்லிக் கொடுத்து, ஊசியை அவர்கள் பொறுப்பிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.