இருவர் மட்டும் மிஞ்சிய போக்கர் மேசை: சிறிய ஸ்டாக் (கையிருப்பு சிப்) கேள்வி-பதில்

கே: கையில் 8 பிக் பிளைண்ட் (சீட்டைப் பார்க்குமுன் கட்டாயமாக வைக்கும் பெரிய பந்தயம்) அளவுக்குத்தான் சிப் மிச்சம். நல்ல சீட்டு வரும்வரை பொறுக்கலாமா?

பொறுக்கவே கூடாது. இருவர் ஆட்டத்தில் ஒரு கைக்கு (சுற்றுக்கு) முழு பிளைண்ட், அடுத்த கைக்கு அதில் பாதி என இரண்டு கைக்கு ஒன்றரை பிளைண்ட் போய்விடும். வரிசையாகப் பத்து கை ஃபோல்டு செய்தால் (சீட்டைப் போட்டுவிட்டு விலகினால்) ஏழரை காலி. ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, ஏஸ்-கிங் இவற்றில் ஏதாவது ஒன்று வருவதோ சராசரியாக 39 கைக்கு ஒருமுறை. பட்டன் (சீட்டுப் பங்கிடுபவர் இடத்தைக் காட்டும் வில்லை) உங்களிடம் இருக்கும்போது முதலில் ஆல்-இன் (இருப்பது முழுவதும் பந்தயம்) சொல்பவர் நீங்களாக இருங்கள். எதிராளி ஃபோல்டு செய்தால் நடுவில் கிடப்பது சண்டையின்றி உங்களுக்கு. அவர் ஏஸ்-கிங்கோடு கால் செய்தாலும் (பந்தயத்துக்கு ஈடு வைத்தாலும்), ஒரே சூட்டில் (சின்னத்தில்) 9-8 வைத்திருந்தால் உங்களுக்குச் சுமார் 40% வாய்ப்பு உண்டு. 10 பிளைண்டிலேயே பாதிக்கு மேற்பட்ட கைகளைத் தள்ளுவதுதான் (ஆல்-இன் செய்வதுதான்) சரியான கணக்கு. இதுவரை அஞ்சாமல் ஆடி வந்தவர்கள் இங்கே ஒடுங்கிப்போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது.

கே: ஆல்-இன்னுக்குப் பதில் 2 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்தால் (பந்தயத்தை உயர்த்தினால்)?

எதிராளி திருப்பித் தள்ளினால் மாட்டிக்கொள்வீர்கள். ஃபோல்டு செய்தால் ஸ்டாக்கில் கால்வாசி போச்சு. கால் செய்ய 37.5% வாய்ப்பு போதும் என்பதால் பெரும்பாலான கைகளில் ஃபோல்டும் தப்பாகிவிடும். அந்த 8-ஐயும் நீங்களே முதலில் வைத்துவிடலாமே! எதற்கெடுத்தாலும் பாய்கிற எதிராளி என்றால், ஏஸ் ஜோடியோடு இப்படித் தூண்டில் போடலாம்.

கே: அவர் ஒவ்வொரு கையும் ஆல்-இன். பிக் பிளைண்டில் என்னிடம் மொத்தம் 5. எதை வைத்துக் கால் செய்வது?

ஆன்டி (பிளைண்டுக்கு மேல் வைக்கும் கட்டாயப் பந்தயம்) இல்லையென்றால் இன்னும் 4 போட்டு 10-க்கு ஆடுகிறீர்கள், 40% போதும். உண்மையிலேயே எல்லாக் கையையும் தள்ளுகிறார் என்றால் ஜாக் இருக்கும் எந்தக் கையும் கால்தான். 'ஒவ்வொரு கையும்' என்பது எரிச்சலில் தோன்றுவதா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். நல்ல கைகளைத் தேர்ந்து தள்ளுபவராக இருந்தால் ஏஸ் அல்லது கிங் இருக்கும் கைகள், ஜோடிகள் இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கே: முதல் பரிசு 10,000, இரண்டாவது 6,000. சிப்பில் 20% என்னுடையது. பிரித்துக்கொள்ள எவ்வளவு கேட்கலாம்?

6,800. இரண்டாம் பரிசு ஏற்கெனவே உங்களுடையது. மிச்ச 4,000-இல் 20% சேரும். இருவரும் சமதிறமை என்றால் வெல்லும் வாய்ப்பும் அதே 20% தான். அதற்குக் குறைவாகக் கொடுத்தால் ஆடிவிடுங்கள்.